வீட்டில் வந்து குவியும் விளம்பரத் தபாலை நிறுத்துவது எப்படி: வடசென்னை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் இருபத்து நான்கு குடித்தனங்கள் உள்ள அடுக்ககத்தில் இருக்கிறேன். மாடிப்படியின் கீழே சுவரோடு சுவராகத் தபால் பெட்டிகள். சித்திரை வந்தால் பள்ளிச் சேர்க்கை, ஆடி வந்தால் துணிக்கடைத் தள்ளுபடி, ஐப்பசி வந்தால் பட்டாசும் நகைச் சீட்டும். பொன்னேரி, மீஞ்சூர், செங்குன்றம் பக்கத்து மனை விற்பனைக்கு மட்டும் பருவமே கிடையாது. இதைக் குறைக்கும் வேலையை முதலில் என் வீட்டிலும், பிறகு எங்கள் கட்டடத்திலும், அடுத்து ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை உறவினர் வீடுகளிலும் செய்து பார்த்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தாள் எந்த வழியாக வந்தது என்று பார்ப்பதில்லை. எதிரில் அகப்பட்டவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். தபால்காரரைத் திட்டினால் கேட்டில் செருகிய நோட்டீஸ் நிற்காது. 1909 என்ற எண்ணில் பதிவு செய்தால் விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும்தான் குறையும். காகிதத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. ஒவ்வொரு வழிக்கும் தனி அடைப்பு வேண்டும். அதனால்தான் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள் என்கிறேன்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு அட்டைப்பெட்டி, தடித்த எழுத்து விழும் மார்க்கர், ஒரு நோட்டு, நான்கைந்து இன்லண்டு லெட்டர், பசை, கத்தரிக்கோல். கைபேசியில் படம் எடுக்கத் தெரிந்தால் நல்லது. அஞ்சலட்டை 50 காசுக்குக் கிடைக்கிறதே என்று அதை வாங்காதீர்கள். இதில் கணக்கு எண், பாலிசி எண் எழுத வேண்டியிருக்கும். திறந்த அட்டையில் அவை ஊரறியப் போகும்.

1. இரண்டு வாரம் எதையும் வீசாதீர்கள்

வரும் தாள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போடுங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் வந்த தேதியையும், கிடைத்த இடத்தையும் எழுதுங்கள்: ‘பெட்டி’, ‘கேட்’, ‘பேப்பருக்குள்’, ‘தபால்காரர் கையில்’. அவ்வளவு போதும்.

குப்பை வீட்டில் சேருகிறதே என்று மனம் பொறுக்காமல் மூன்றாம் நாளே வெளியே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. போட்டுவிட்டால் எந்த வழி அதிகம் தொல்லை தருகிறது என்பதே தெரியாமல் போகும். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் வங்கிகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் கையால் கொண்டுவந்து போட்ட துண்டு நோட்டீஸ். அதற்கு வங்கிக்குக் கடிதம் எழுதி என்ன பயன்?

2. வந்த வழியைப் பார்த்துப் பிரியுங்கள்

நான்கு குவியல் போதும். பெயரும் முகவரியும் இல்லாமல் ஆள் கொண்டுவந்து போட்டவை ஒன்று. செய்தித்தாளுக்குள் மடித்து வந்தவை ஒன்று. உங்கள் பெயரிட்டு வந்த தபால் ஒன்று. வேறொருவர் பெயரில் உங்கள் முகவரிக்கு வந்தவை ஒன்று.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத தாளையும் சில சமயம் தபால்காரரே கொண்டுவந்து கொடுப்பார். அஞ்சல் துறை ‘டைரக்ட் போஸ்ட்’ என்ற பெயரில், முகவரி இல்லாத விளம்பரங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வீடுவீடாகச் சேர்க்கும் சேவையை நடத்துகிறது. கொடுத்த கட்டைப் பகிர்ந்து கொடுப்பது அவர் வேலை. அவரிடம் கோபித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

3. தொடக்கூடாத கடிதங்களை முதலில் பிரித்து எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். விளம்பரம் நூறு வந்தாலும் எரிச்சலோடு போய்விடும். அதற்குள் சிக்கிய ஒரு நல்ல கடிதம் தொலைந்தால் மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

எங்கள் இரண்டாம் மாடி அக்கா ஒரு ஆடி மாதத்தில் பெட்டியில் இருந்ததை அப்படியே அள்ளிக் குப்பையில் போட்டார். அதற்குள் மகளின் ஆதார் கடிதம் இருந்திருக்கிறது. ஆதார் கடிதம் சாதாரணத் தபாலில்தான் வரும். கையெழுத்து வாங்க மாட்டார்கள், போனால் போனதுதான். இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்றால் பதிவில் இருந்தது பழைய கைபேசி எண். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தாயும் மகளும் சேவை மையத்து வரிசையில் நின்றார்கள். அந்த அலைச்சலைப் பார்த்த பிறகுதான் நான் இந்த வேலையில் முழுமூச்சாக இறங்கினேன்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைக்க வேண்டியவை: ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவுச் சான்று. தமிழ்நாட்டில் உரிமத்தையும் பதிவுச் சான்றையும் இப்போது விரைவுத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். மாநகராட்சி, குடிநீர் வாரியம் தரும் வரி, கட்டணச் சீட்டுகள் சில சமயம் ஆள் மூலமாகவே வந்து சேரும். பார்ப்பதற்குத் துண்டு நோட்டீஸ் போலவே இருக்கும். ஆகவே முதல் குவியலையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ், நீதிமன்ற அறிவிப்பு, கடன் தொடர்பான வங்கிக் கடிதம். ‘வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் நம்மை ஒன்றும் செய்ய முடியாது’ என்று ஊரில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய நோட்டீஸை வாங்க மறுத்தாலும், அது கைக்கு வந்துசேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. காசோலை திரும்பிய வழக்கில் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். மறுத்தவருக்கு அந்த 15 நாள் தனக்குத் தெரியாமலே ஓடிப்போகும்.

பெரியவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவையுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ‘ரிஜிஸ்டர் தபால் என்றால்தான் முக்கியம்’ என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது. பார்கோடு ஒட்டி, கையெழுத்து கேட்டு வரும் எந்த உறையையும் வாங்கி, பிரித்துப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

4. கேட்டிலும் பெட்டியிலும் விழும் துண்டு நோட்டீஸ்

இதை நிறுத்தத் தனிச் சட்டம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அறிவிப்புப் பலகை வைப்பதும், மாற்று இடம் காட்டுவதும்தான் வழி.

பலகையை எல்லோரும் கேட்டில் மாட்டுகிறார்கள். அங்கே அதை யாரும் படிப்பதில்லை. கையில் ஐந்நூறு தாளோடு வரும் பையன் தெருவை முடித்தால்தான் அன்றைய கூலி. அவன் கண் பெட்டியின் வாய்மேல்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பெட்டியின் வாய்க்கு மேலேயும், தமிழில், ஒரே வரியில் எழுதி ஒட்டுங்கள்: ‘விளம்பர நோட்டீஸ் போட வேண்டாம். தபால் மட்டும்.’ ‘தபால் மட்டும்’ என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டால், புதிதாக வரும் தபால்காரர் தயங்கி உறையைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கே அப்படி நடந்தது.

பலகையோடு நிறுத்தினால் பாதிப் பலன்தான். கூலிக்கு வந்தவன் தாளை எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும். பெட்டியை மூடினால் கதவுக் கைப்பிடியில் மாட்டுவான், வண்டி இருக்கையில் செருகுவான். அதனால் படிக்கட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, ‘நோட்டீஸ் இங்கே வைக்கவும்’ என்று எழுதிவையுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். தண்ணீர் கேன், டியூஷன் என்று தேடுகிறவர் எங்கள் கட்டடத்திலும் இருக்கிறார்கள். மீதி மொத்தமாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கூடை வைத்த பிறகுதான் எங்கள் கதவுகள் சுத்தமாயின. அந்தப் பையனை விரட்டாதீர்கள். கூடையைக் கைகாட்டிவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். அடுத்த முறை அவனே நேராகக் கூடைக்குப் போவான்.

ஒரே கடையிலிருந்து மாதம் நாலைந்து முறை வந்தால், அந்த நோட்டீஸில் இருக்கும் எண்ணுக்கே பேசுங்கள். ‘இந்தக் கட்டடத்தில் இருபத்து நான்கு வீட்டுக்கும் வேண்டாம், உங்களுக்கும் தாள் மிச்சம்’ என்று அமைதியாகச் சொன்னால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர் கேட்டுக்கொள்வார். வெளியூர் மனைக்காரர்கள் அவ்வளவு எளிதில் கேட்பதில்லை, அவர்களுக்குக் கூடைதான்.

தெருவோடு ஒட்டிய தனி வீடு, ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருக்கும் ஸ்டோர் வீடு என்றால் பெட்டியே இருக்காது. கேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். அங்கே முதல் செலவு மூடியுள்ள ஒரு தபால் பெட்டி. வடகிழக்குப் பருவமழையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் நிற்கும்போது, தரையில் கிடக்கும் நோட்டீஸோடு நல்ல கடிதமும் ஊறிப்போகிறது. பெட்டியை இடுப்பு உயரத்துக்கு மேலே மாட்டுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அடுத்த வீட்டில் சொல்லி தினமும் கேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்து நோட்டீஸ் கேட்டில் தொங்கினால், வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லிக் கொடுத்தது போல ஆகும்.

மதிற்சுவரில் சுவரொட்டி ஒட்டுவது வேறு விஷயம். அதைத் தடுக்க 1959 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம்.

5. செய்தித்தாளுக்குள் வருபவை

பேப்பர் போடுகிறவரிடம் சொன்னால் தலையை ஆட்டுவார், மறுநாளும் வரும். விடியற்காலையில் கட்டுக்கட்டாகச் செருகிய பிறகு உங்கள் ஒரு பிரதியை மட்டும் தனியாக எடுப்பது அவருக்குச் சிரமம். மாதப் பணம் கொடுக்கும்போது ஏஜென்டிடம் நேரில் சொல்லுங்கள். வீசும்போதே தாளை உதறி எடுத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். சம்மதிக்காவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள். இதில் செலவிடும் முயற்சிக்கு ஏற்ற பலன் இல்லை.

6. உங்கள் பெயரிட்டு வரும் விளம்பரத் தபால்

இதில் இரண்டு வேலை. இரண்டையும் செய்தால்தான் நிற்கும்.

முதல் வேலை, மறுத்துத் திருப்புவது. விளம்பரம்தான் என்று உறையைப் பார்த்தே உறுதியாகத் தெரிந்தால், பிரிக்காமல் அதன்மேல் ‘பெற மறுக்கப்பட்டது’ என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடமே கொடுங்கள். பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு; பிரித்தால் பெற்றுக்கொண்டதாகிவிடும். தபால் தலை குறைவாக ஒட்டிய உறைக்கு உங்களிடம் பணம் கேட்டால், கட்டாமலே மறுக்கலாம்.

திரும்பிப் போன உறையை அனுப்பியவர் பார்த்துப் பெயரை நீக்குவார் என்று நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. பெரிய நிறுவனங்களில் உறை திரும்பும் இடம் ஒன்று, பெயர்ப் பட்டியல் இருக்கும் இடம் வேறு. ஆகவே இரண்டாவது வேலை, கடிதம். நான் எழுதும் வாசகம் இது:

‘ஐயா/அம்மா, கீழே கண்ட பெயருக்கும் முகவரிக்கும் உங்கள் நிறுவனத்திலிருந்து விளம்பரத் தபால் வருகிறது. அதற்கு நான் அளித்த இசைவு ஏதேனும் இருந்தால் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். விளம்பரப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கி எழுத்துமூலம் தெரிவிக்கவும். கணக்கு தொடர்பான சட்டப்படியான அறிவிப்புகளை மட்டும் தொடர்ந்து அனுப்பவும்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘எதையுமே அனுப்ப வேண்டாம்’ என்று கோபத்தில் எழுதினால், கட்டண நினைவூட்டலும் நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. உறையைத் திருப்பும் முன்பே, உங்கள் பெயருக்கு மேலே அச்சான எண்ணைக் குறித்துவைத்து இந்தக் கடிதத்தில் எழுதுங்கள். பட்டியலில் உங்களைத் தேட அந்த எண் உதவும். பெயரை எப்படி அச்சிட்டிருக்கிறார்களோ, எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதுங்கள். அனுப்பிய நாளை நோட்டில் குறியுங்கள்.

வங்கி என்றால் 30 நாள் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழிகேட்க 14448 என்ற எண் உண்டு. முதலில் வங்கியிடம் எழுதியதற்குச் சான்று இல்லாமல் அங்கே போனால் புகார் நிற்காது. நோட்டில் தேதி எழுதச் சொன்னது இதற்காகத்தான். 2023 ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே இப்போதைக்கு உங்கள் கடிதமும் தேதியும்தான் பலம்.

கேட்காமலே கிரெடிட் கார்டு வந்தால் அதை விளம்பரமாக நினைத்துத் தூக்கி எறியாதீர்கள். கேட்காத கார்டை அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படி அனுப்பி, கட்டணமும் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு அதன் இரண்டு மடங்கை அபராதமாகவும் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். உறையைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், கார்டைச் செயல்படுத்தாதீர்கள், ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள், வேண்டாம் என்று எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னேன் என்பதை நிரூபிக்க முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. முன்னால் குடியிருந்தவர், இறந்தவர் பெயரில் வருபவை

வாடகை வீடுகள் அதிகமுள்ள நம் பகுதியில் இது பெரிய தொல்லை. பழைய குடித்தனக்காரர் பெயரில் வரும் உறையைப் பிரிக்காதீர்கள், வீசவும் வேண்டாம். ‘இங்கு இல்லை, வீடு மாறிவிட்டார்’ என்று எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். கடன் வசூல் கடிதமாக இருந்தால் இதன் அருமை தெரியும். நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தால், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று நினைத்து ஆள் வந்து கதவைத் தட்டும். நீங்கள் வீடு மாறும்போதும் பழைய இடத்துத் தபால் நிலையத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இறந்தவர் பெயரில் வரும் தபால் மனத்தைக் கிழிக்கும். என் மாமனார் போன பிறகும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கடையிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது. அத்தை அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இந்த வேலையை வீட்டில் துக்கப்படுகிறவரிடம் விடாதீர்கள், வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு வரி எழுதினால் போதும். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்றால் இறப்புச் சான்றிதழின் நகலோடு எழுத வேண்டும். அவற்றை ‘காலமானார்’ என்று எழுதித் திருப்பிவிடாமல், பிரித்துப் படித்துப் பாருங்கள். குடும்பத்துக்குத் தெரியாத வைப்புத் தொகையோ பாலிசியோ அதில் இருக்கலாம்.

8. பரிசு விழுந்ததாக வரும் உறையும், கேட்காத பார்சலும்

பெரிய இணையக் கடையின் பெயரை அச்சிட்டு, சுரண்டும் அட்டை ஒன்றை உள்ளே வைத்து, கார் பரிசு விழுந்திருக்கிறது, ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்கள் என்று வரும் கடிதம் மோசடி. அதில் உள்ள எண்ணுக்குப் பேச வேண்டாம், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். திருப்பியும் அனுப்பாதீர்கள், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். பணம் கட்டிவிட்டிருந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

வந்ததும் பணம் கேட்கும் பார்சலை, வீட்டில் யார் ஆர்டர் செய்தது என்று தெரியும்வரை வாங்காதீர்கள். பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் பிள்ளை வாங்கியிருப்பான் என்று பணம் கொடுத்துவிடுகிறார்கள். ‘எனக்குப் போன் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம், அம்மா’ என்று எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

9. முகவரி வெளியே போகும் ஓட்டையை அடையுங்கள்

தீவுத்திடல் பொருட்காட்சியில் ‘குலுக்கல் கூப்பன்’ என்று நிரப்பிப் போடும் சீட்டு, துணிக்கடையில் பில் போடும்போது எழுதும் பிறந்தநாள், மணநாள், முகவரி, நகைக்கடை உறுப்பினர் அட்டை: இங்கிருந்தெல்லாம் பட்டியல் உருவாகிறது. முகவரி இல்லாமலே பில் போடலாம், கேட்டால் மறுத்துவிடுங்கள். கொடுத்தே தீர வேண்டிய இடத்தில், உங்கள் பெயரின் முன்னெழுத்தைக் கடைக்கு ஒரு விதமாக எழுதுங்கள். எந்த முன்னெழுத்தோடு விளம்பரம் வருகிறதோ, அந்தக் கடைதான் கொடுத்தது. 6 ஆம் படியில் யாருக்கு எழுதுவது என்பது இதனால் தெளிவாகும். அரசு, வங்கி ஆவணங்களில் மட்டும் இந்த உத்தி கூடவே கூடாது.

10. மிஞ்சியதை அப்புறப்படுத்துதல்

பெயர், முகவரி, பார்கோடு உள்ள பகுதியைக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள். கடிதம் அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போனால், அது எந்தக் கையில் பொட்டலமாகப் போகும் என்று சொல்ல முடியாது. உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் மையின் தீங்கைச் சொல்லி எச்சரித்திருக்கிறது. பளபளக்கும் நோட்டீஸில் சுண்டலும் பஜ்ஜியும் வைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மீதித் தாளை உலர் குப்பையோடு தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். ஈரக் குப்பையோடு கலந்தால் அது காகிதமாக மீளாது, கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தான் போகும். அதன் புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் நாம்தான். அதே காரணத்தால் போகிக்கு என்று சேர்த்துவைத்துக் கொளுத்தவும் வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளைக் கிழித்தால் ஓரத்தில் ஜவ்வு போல இழுபடும். பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடுக்க மாட்டார், தனியாக வையுங்கள்.

கடிதங்கள் அனுப்பி மூன்று மாதம் கழித்து மறுபடி இரண்டு வாரம் அட்டைப்பெட்டியை வையுங்கள். அச்சான பட்டியல் தீரும்வரை பழைய உறைகள் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் அதற்கு முன் எண்ணிப் பார்ப்பது வீண். அப்போதும் வருகிற நிறுவனத்துக்கு, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் போடுங்கள்.